எண்ணா, பெயரா?

பினாங்கு மாநிலத்தில் ஐந்து மாவட்டங்கள். தீவில் வடகிழக்கு, தென்மேற்கு. செபராங் பிறையில் வடக்கு, மத்தி, தெற்கு. பைத்தானில் இவற்றைப் பட்டியலுக்குள் பட்டியலாக வைத்தால், பட்டர்வொர்த் அடங்கிய வடக்கு மாவட்டத்தை எடுக்க பினாங்கு[1][0] என்று எழுத வேண்டும். நிரல் எழுதப் பழகுபவருக்கு இந்த எண் வழியையே முதலில் காட்டுகிறோம். அதிலேயே அவரை நிறுத்திவைக்கலாமா?

எண் பூஜ்யத்தில் தொடங்குவதுதான் சிக்கல் என்பார்கள் பலர். 2017-இல் படிவம் ஒன்றில் தொடங்கிய 'அசாஸ் சைன்ஸ் கம்ப்யூட்டர்' (கணினி அறிவியல் அடிப்படை) பாடத்தில் ஸ்க்ராட்ச், பைத்தான் இரண்டும் உண்டு. முன்னதன் பட்டியல் 1-இல் தொடங்கும், பின்னதன் பட்டியல் 0-இல். மாணவர் தடுமாறுவது உண்மைதான். ஆனால் ஜார்ஜ் டவுன் கட்டடங்களின் மின்தூக்கியில் 'ஜி'க்கு மேலேதான் 1 என்பது பிள்ளைகளுக்குப் பழக்கம், இதுவும் பழகிவிடும்.

பழகியும் தீராத குறை வேறு. செபராங் பிறையின் உள்பட்டியலை அகரவரிசைப்படுத்திப் பாருங்கள். தெற்கு முன்னால் வந்துவிடும்; அதே [1][0] பட்டர்வொர்த்தை விட்டு நிபோங் திபால் பக்கம் போய்விடும். பிழைச்செய்தி எதுவும் வராது. கணக்கிட்ட எண் தவறி -1 ஆனால் ஜாவா நிரல் பிழையுடன் நின்றுவிடும். பைத்தானோ கடைசி உறுப்பை எடுத்துக் கொடுத்துவிடும். எல்லை தாண்டினால் 'இண்டெக்ஸ் எரர்' வரும், எந்த எண் தாண்டியது என்று சொல்லாது.

எண்ணுக்குப் பதில் பெயரால் எடுக்கும் அகராதி அமைப்பில் பினாங்கு["செபராங் பிறை"]["வடக்கு"] என்று எழுதுகிறோம். வரிசை மாறினாலும் பொருள் மாறாது. இல்லாத பெயரைக் கேட்டால் 'கீ எரர்' அந்தப் பெயரையே காட்டும். இதற்கும் குறை உண்டு: 'பிறை' என்பதை 'பிராய்' என்று எழுதி வெளி அகராதியில் நேரடியாக ஒரு மதிப்பைச் சேர்த்தால், சத்தமில்லாமல் புதிய பதிவு உருவாகிவிடும். ஆனால் அச்சிட்டுப் பார்த்தால் அது கண்ணில் படும். இடம் மாறிய எண் படாது.

வரிசையே பொருளாக இருக்கும் இடத்தில் எண்ணை விட முடியாது. பட்டர்வொர்த், புக்கிட் தெங்கா, புக்கிட் மெர்தாஜாம் என்று ரயில் நிலையங்களை அடுக்கினால் அடுத்த நிலையத்தைச் சொல்வது எண்தான்.

ஆகவே என் முடிவு இது: ஒற்றைப் பட்டியலுக்கு எண், அடுக்கு வந்தால் பெயர். அடுக்கையும் எண்ணால்தான் எடுக்க வேண்டுமென்றால் தீவு = பினாங்கு[0] என்று ஒரு வரி, தீவு[1] என்று அடுத்த வரி. ஆசிரியர்களே, முதல் பருவத்தில் அடைப்புக்குறிகளை ஒரே வரியில் அடுக்க விடாதீர்கள்.