வண்டியை நிறுத்தியது எது?

ஃபோர் வீல் டிரைவ் வண்டியை நிறுவனம் கொடுத்த நிலையிலேயே வைத்து ஓட்டுபவர்கள் குறைந்து வருகிறார்கள். 2020 அக்டோபர் 2 அன்று இரண்டாம் தலைமுறை மஹிந்திரா தார் விற்பனைக்கு வந்தபின் இந்தப் போக்கு வேகம் பிடித்தது. 2023இல் வந்த சுசுகி ஜிம்னியும் அதில் சேர்ந்துகொண்டது. பெரிய டயர், லிஃப்ட் கிட், இரும்பு பம்பர், வின்ச், ஸ்நார்க்கல், கூரை விளக்கு என்று சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் கடைத்தெருக்களில் பட்டியல் நீள்கிறது. முதல் சர்வீசுக்கு முன்பே லட்சக்கணக்கில் செலவழிப்பவர்கள் உண்டு.

இதை வெறும் பகட்டு என்று தள்ளிவிட முடியாது. எல்லாம் தேவைதான் என்று ஏற்றுக்கொள்ளவும் முடியாது. எந்த மாற்றத்தையும் எடைபோட ஒரு கேள்வியை முன்வைக்கிறேன்: இதுவரை உங்கள் வண்டியை நிறுத்தியது எது? இந்தக் கேள்விக்குப் பதிலாக வராத பொருள் வண்டியின் எடையைக் கூட்டுமே தவிர, திறனைக் கூட்டாது.

முதலில் இந்தப் பழக்கத்தின் நியாயத்தைச் சொல்ல வேண்டும். நிறுவனம் ஒரு வண்டியைப் பல லட்சம் பேருக்காக வடிவமைக்கிறது. நெடுஞ்சாலையில் இரைச்சல் கூடாது, மைலேஜ் குறையக் கூடாது, விலை ஏறக் கூடாது என்ற கட்டாயங்களுக்கு நடுவே டயரும் ஸ்பிரிங்கும் தேர்வாகின்றன. எஸ்டேட் பாதையில் தினமும் போகிறவருக்கும் மணலில் ஓட்டுகிறவருக்கும் அந்தச் சமரசம் போதாமல் போகலாம். ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. நிறுவனம் 1975இல் மெல்போர்னில் தொடங்கியதற்குக் காரணம் இதுதான்: அந்நாட்டின் கரடுமுரடான உட்பகுதியில் சந்தையில் கிடைத்த உபகரணங்கள் தாக்குப்பிடிக்கவில்லை. 2018 கேரள வெள்ளத்தில் ஆஃப்-ரோடு குழுக்களின் ஜீப்புகள் மீட்புப் பணியில் இறங்கின. அந்த நாட்களில் உயரமான வண்டியும் நல்ல இழுகயிறும் உயிர் காக்கும் கருவிகளாயின. கூடவே, தன் வண்டிக்குத் தானே பாகம் தேர்ந்தெடுப்பவர் அதன் அடிப்பகுதியைக் குனிந்து பார்க்கிறார், எது எதை இயக்குகிறது என்று கற்கிறார். இது சிறிய லாபம் அல்ல.

ஆனால் குறை தொடங்கும் இடமும் அருகிலேயே இருக்கிறது. நான்கு சக்கர இயக்கமுள்ள தாரின் தரை இடைவெளி 226 மி.மீ.; முன்புற ஏறுகோணம் 41.8 டிகிரி, 650 மி.மீ. ஆழத் தண்ணீரைக் கடக்கலாம் என்கிறது நிறுவனம். இந்த எல்லைகளைத் தொட்டுப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் பயணிகளை ஏற்றிச் செல்பவை பெரும்பாலும் பழைய மஹிந்திரா ஜீப்புகள். பாறையும் பள்ளமுமான அந்தப் பாதையில் அவற்றை மேலே கொண்டுபோவது லோ கியரும், எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைப்பது என்று அறிந்த ஓட்டுநரின் கண்ணும்தான். எல்லை எங்கே என்று தெரியாத நிலையில் அதை நீட்டிக்கப் பணம் கட்டுவது இந்தப் பழக்கத்தின் அடிப்படைப் பிழை.

டயரில் இது மிகத் தெளிவாகத் தெரியும். தரையைத் தொடும் ஒரே பாகம் டயர் என்பதால் முதல் செலவு அதற்குப் போவதில் தவறில்லை. ஆனால் அளவை மாற்றும் முன் காற்றை மாற்றிப் பார்க்க வேண்டும். தார்ச்சாலையில் 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருக்கும் காற்றைச் சேற்றிலும் பாறையிலும் 20 அளவுக்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் அதிகம் படிந்து பிடிமானம் கூடுகிறது. மணலில் இன்னும் இறக்கலாம். மிகவும் குறைத்தால் திரும்பும்போது டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். சாலைக்குத் திரும்பியதும் காற்றை ஏற்றிக்கொள்ள ஒரு நல்ல கம்ப்ரசர் வேண்டும். ஒரு டயரின் விலைக்குள் முடியும் இந்தச் செலவு, சேற்றிலும் மணலிலும் சிக்கும் பல வண்டிகளை வெளியே கொண்டுவந்துவிடும்.

அளவை மாற்றுவதன் கணக்கைப் பாருங்கள். தாரின் 255/65 ஆர்18 டயரின் விட்டம் ஏறக்குறைய 789 மி.மீ.; பலர் விரும்பும் 285/70 ஆர்17 டயரின் விட்டம் 831 மி.மீ. விட்டம் 42 மி.மீ. கூடினால் அச்சு அதில் பாதி, 21 மி.மீ. மட்டுமே உயரும். அதற்கு ஈடாக, கியர் அமைப்பு 5 சதவீதத்துக்கு மேல் நீண்டுவிடுகிறது; பாறையில் ஊர்ந்து ஏறத் தேவையான லோ கியரின் இழுப்பு அதே அளவு குறைகிறது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 105இல் ஓடுகிறது. அதே பிரேக் இப்போது பெரிய, கனமான சக்கரத்தை நிறுத்த வேண்டும். பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியின் கூடுதல் எடையைக் கதவுக்கீல் தாங்க வேண்டும். சேற்றுக்கான எம்.டி. டயராக இருந்தால் மழைச்சாலையில் நிற்கும் தூரமும் கூடும். ஆண்டில் பெரும்பாலான நாட்கள் தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு, நிறுவனமே அனுமதித்த அளவில் எல்லாத் தரைக்குமான ஒரு தரமான ஏ.டி. டயர் போதும் என்பதே என் முடிவு.

லிஃப்ட் கிட் பற்றிய எதிர்பார்ப்பு அதன் செயலைவிடப் பெரியது. ஸ்பிரிங்குக்கு மேல் 50 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் உயர்வது உடல்தான். தாரின் பின்புறம் முழு அச்சு கொண்டது; கல்லில் முதலில் இடிக்கும் டிஃபரன்ஷியல் பகுதி இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. தனித்தனியாக அசையும் முன்சக்கரங்களிலோ டிரைவ் ஷாஃப்டின் கோணம் கூடுகிறது, சி.வி. ஜாயின்ட் விரைவில் தேய்கிறது, அதன் ரப்பர் உறை கிழிகிறது. சக்கரம் கீழே இறங்கும் இடமும் குறைவதால், பள்ளத்தில் அது முன்னைவிடச் சீக்கிரம் அந்தரத்தில் நிற்கும். முன்னும் பின்னும் முழு அச்சு கொண்ட ஜிம்னியில் வேறு சிக்கல்: உயர்த்தியபின் காஸ்டர் கோணத்தைச் சரிசெய்யாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் ஆடத் தொடங்கும். மொத்த வண்டியின் ஈர்ப்பு மையம் மேலே போவதால் கொண்டை ஊசி வளைவுகளில் கவிழும் வாய்ப்பும் கூடுகிறது. நடுவயிறு மேட்டில் அடிக்கடி தட்டுகிறவருக்கு லிஃப்ட் ஒரு நல்ல தீர்வு, முழு கிட்டாக, சரியான ஷாக் அப்சார்பரோடு, அலைன்மென்ட் பார்த்துப் பொருத்தினால். அந்தச் சிக்கலே வராதவர் உயரத்துக்குக் கொடுக்கும் விலை, சாலையில் நிலைத்தன்மை.

இரும்பு பம்பரை நான் ஏற்கவில்லை. 2020 நவம்பரில் குளோபல் என்கேப் சோதனையில் தாருக்குக் கிடைத்த நான்கு நட்சத்திரம், அசல் முன்பகுதியோடு நடந்த மோதலுக்கான மதிப்பெண். மோதலின் விசையைப் படிப்படியாக மடிந்து உள்வாங்கும் அமைப்புக்கு முன்னால் மடியாத இரும்பை மாட்டினால், காற்றுப்பை எப்போது விரிய வேண்டும் என்ற கணக்கும் குழம்பலாம். எதிரில் வரும் பாதசாரிக்கும் இருசக்கர ஓட்டிக்கும் அந்த இரும்பு இன்னும் கொடியது. 2017 டிசம்பரில் புல் பார் எனப்படும் முன்புற இரும்புத் தடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியதன் காரணமும் அதுவே. என் பாதுகாப்புக்காக நான் வாங்கும் பொருள் அடுத்தவரின் எலும்பை முறிக்கக்கூடும் என்றால், அதற்குச் சொந்த விருப்பம் என்ற நியாயம் பொருந்தாது.

வின்ச் பயனுள்ளது, தனியாகக் காட்டுப்பாதையில் போகிறவருக்கு அதுவே துணை. அதன் இழுதிறன் வண்டியின் மொத்த எடையைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும்: சுமையோடு 2,400 கிலோ என்றால் 3,600 கிலோ. இத்தனை விசையைத் தாங்கும் கம்பியோ கொக்கியோ அறுந்தால் குண்டுபோல் பாயும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் இழுகயிறு மாட்டி, அது உடைந்து பறந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். எனவே வின்சுக்கு முன் வாங்க வேண்டியவை, விசை அளவு குறிக்கப்பட்ட கொக்கிப் பிடிகள், நீளும் தன்மையுள்ள மீட்புக் கயிறு, கையுறை. இன்னொரு வண்டியோடு சேர்ந்து போகிறவருக்கு இவையே பெரும்பாலும் போதும்.

ஸ்நார்க்கலை ஆழத் தண்ணீருக்கான அனுமதிச் சீட்டாகப் பார்ப்பது ஆபத்து. அது எஞ்சின் மூச்சை மேலே கொண்டுபோகிறது, அவ்வளவுதான். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆகியவற்றின் மூச்சுக்குழாய்களும் மின்னணுப் பெட்டிகளும் பழைய உயரத்திலேயே இருக்கின்றன. ஓடும் தண்ணீர் வண்டியை மிதக்கவைத்து இழுத்துப் போவதை எந்தக் குழாயும் தடுக்காது. புழுதிப் பாதையில் சற்றுச் சுத்தமான காற்று கிடைப்பதே அதன் உண்மையான பலன். கூரை எல்.இ.டி. விளக்கு எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். மலைப் பனிமூட்டத்தில் அந்த வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே விழும். அங்கே உதவுவது தாழ்வாகப் பொருத்திய, மேலே சிதறாமல் அகலமாகப் பரவும் ஒளியுள்ள பனிவிளக்கு.

சட்டத்தின் நிலையையும் விமர்சிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் நிறுவனம் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம் இழப்பீட்டையும் சிக்கலாக்கலாம். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. ஆனால் கடையில் தடையின்றி விற்கும் பொருள் சாலையில் குற்றமாகும் நிலை யாருக்கும் நல்லதல்ல. ஆஸ்திரேலியாவில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளின் டயர் விட்டத்தை எவ்வளவு கூட்டலாம் என்பதற்கு மி.மீ. கணக்கில் வரம்பு இருக்கிறது. அதைத் தாண்டும் மாற்றத்தைத் தகுதிபெற்ற பொறியாளர் சோதித்துச் சான்றளிக்க வேண்டும். இங்கும் அப்படி ஒரு வழி திறந்தால் தேர்ந்த மெக்கானிக்கின் வேலைக்கு மதிப்பு கிடைக்கும், ஒட்டுவேலை ஒதுங்கும்.

ஆகவே வரிசை முக்கியம். காற்றுமானி, கம்ப்ரசர், மீட்புக் கயிறு, ஓட்டும் பயிற்சி ஆகியவை முதலில். பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அப்படியே ஓட்டி, வண்டி எங்கே நின்றது, எது தட்டியது, எது சூடேறியது என்று குறித்துவையுங்கள். அடிப்பகுதி தட்டினால் காப்புத் தகடு. பிடிமானம் போனால் டயர். சக்கரம் அந்தரத்தில் சுழன்று நின்றால் டிஃபரன்ஷியல் லாக். சில தார்களில் அதுவும் நிறுவனத்திடமிருந்தே வருகிறது. குறிப்பேட்டில் இல்லாத பிரச்சினைக்குப் பொருள் வாங்க வேண்டாம். இந்த வரிசையைப் பின்பற்றுகிறவர்களில் பலர் பட்டியலின் பாதியைக்கூடத் தொட மாட்டார்கள் என்று நம்புகிறேன். அவர்கள் கற்ற ஓட்டும் கலை அடுத்த வண்டிக்கும் அவர்களோடு போகும். லிஃப்ட் கிட் பழைய வண்டியோடு விலைபோய்விடும்.