கெண்டைக்காலுக்குள் ஒரு வெளிச்சம்

ஜவ்வாது மலையில் சாமைக்கட்டைத் தலையில் வைத்து மேடேறுபவரின் கெண்டைக்கால் எவ்வளவு ஆக்சிஜன் செலவழிக்கிறது? தோலைக் கீறாமலே அளக்கலாம். காலில் கட்டும் சிறு கருவி ஒன்று அகச்சிவப்பு ஒளியைத் தசைக்குள் அனுப்பி, திரும்பி வருவதைக் கணக்கெடுக்கிறது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் 760 நானோமீட்டர் அருகே ஒளியை அதிகம் விழுங்கும். ஆக்சிஜன் ஏந்தியது 850 அருகே. இந்த ஒளி திசுவை ஊடுருவும் என்று 1977இல் காட்டியவர் ஃபிரான்ஸ் யோப்சிஸ். இதே மலையில், காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கியில் விண்மீன்களின் தனிமங்களைப் படிப்பதும் ஒளியில் எது குறைகிறது என்று பார்த்துத்தான்.

எனக்குப் பிடித்தது பட்டை வித்தை. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை போன்றதைத் தொடையில் இறுக்கி, ரத்த ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள். வரத்து இல்லை, எனவே ஆக்சிஜன் குறையும் வேகமே தசையின் செலவு. எவ்வளவு எளிய தந்திரம்! பயிற்சி முடிந்த கையோடு இறுக்கினால் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கோடு சரேலென இறங்கும். விட்டுவிட்டு இறுக்கிப் பார்க்க, சரிவு தணிந்துகொண்டே வரும். சீக்கிரம் தணிந்தால், தசைச் செல்லுக்குள் ஆக்சிஜனைச் செலவழிக்கும் மைட்டோகாண்ட்ரியா திடமாக இருக்கிறது என்று பொருள். தோலடியில் கொழுப்பு தடித்திருந்தால் மட்டும் கருவி தடுமாறும்.