பழைய வாடிக்கையாளர்

2022 செப்டெம்பர் 5ஆம் திகதி இலங்கையில் இணையக் கட்டணம் ஏறியது. ஏதோ ஒரு கம்பெனி மட்டும் ஏற்றியதல்ல. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதி கொடுக்க, கைபேசி, வீட்டுத் தொலைபேசி, பிராட்பேண்ட் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் 20 சதவீதம் கூடியது. கட்டணத் தொலைக்காட்சிக்கு 25 சதவீதம். புதிதாக இணைப்பு எடுப்பவர், பத்து வருடமாக ஒழுங்காகக் காசு கட்டி வருபவர் என்ற பேதமே இல்லை.

அந்த மாத பில்லைப் பார்த்துவிட்டுக் கோப்பாயிலிருந்து சின்னம்மா போன் எடுத்தார். "தம்பி, இவங்கள் கணக்கைப் பிழையாப் போட்டிட்டாங்கள் போல கிடக்கு. இருபது வீதம் எண்டுதானே சொன்னவங்கள்?" கணக்கு பிழையில்லை. அதே செப்டெம்பர் 1ஆம் திகதி வற் எனும் பெறுமதி சேர் வரியும் 12இலிருந்து 15 சதவீதமாகியிருந்தது. ஜூன் மாதம்தான் அது 8இலிருந்து 12 ஆகியிருந்தது. மற்ற அறவீடுகளை விட்டுவிட்டு வற் வரியை மட்டும் வைத்துப் பார்ப்போம். ஆயிரம் ரூபாய் பக்கேஜ் ஒன்றுக்கு மே மாதம் 1,080 ரூபாய் கட்டியவர் செப்டெம்பரில் 1,380 ரூபாய் கட்டினார். 2024 ஜனவரியில் வரி 18 சதவீதமானபோது அது 1,416. இவ்வளவுக்கும் வேகமோ டேட்டாவோ ஒரு துளி கூடவில்லை.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். டொலர் 200 ரூபாய்ச் சுமாரில் இருந்து சில வாரங்களுக்குள் 360க்குப் போன வருடம் அது. ரவுட்டரிலிருந்து கடலடிக் கேபிளின் கொள்ளளவு வரை டொலரில் வாங்குகிற தொழில் இது. ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. கோபுரங்களுக்கு ஜெனரேட்டர் ஓட்ட டீசலும் வேண்டும். ஆனால் இலங்கையில் கம்பெனிகள் நினைத்த நேரத்தில் விலையை ஏற்ற முடியாது, ஆணைக்குழு அனுமதிக்க வேண்டும். அதனால் மாதக்கணக்கில் அடங்கிக் கிடந்த விலை ஒரே நாளில் எல்லாரிடமும் ஒரே வீதத்தில் வெடித்தது. எல்லாக் கடையிலும் ஒரே நாளில் விலை ஏறினால் கடை மாறி என்ன பிரயோசனம்?

இந்தியாவில் நிலைமை தலைகீழ். அங்கே கட்டணத்தைக் கம்பெனியே முடிவு செய்துகொள்ளலாம். அமலாக்கிய ஏழு வேலை நாட்களுக்குள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான 'டிராய்'க்குத் தெரிவித்தால் போதும். வீட்டு பிராட்பேண்டைப் பொறுத்தவரை இந்தச் சுதந்திரம் பெரும்பாலும் விலையை இறக்கத்தான் பயன்பட்டது. 2019 செப்டெம்பர் 5ஆம் திகதி (என்ன பொருத்தமோ, அதுவும் ஒரு செப்டெம்பர் 5) ஜியோ ஃபைபர் 699 ரூபாயில் 100 எம்பிபிஎஸ் என்று தொடங்கியது. அடுத்த வருடம் 399 ரூபாயில் 30 எம்பிபிஎஸ், டேட்டா கணக்கில்லை என்று வந்தது. பொடி எழுத்தில் 3,300 ஜிபி எல்லை உண்டு. ஒரு குடும்பம் அதைத் தொடுவது கஷ்டம். 399 என்பதும் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 471 ஆகிவிடும், அது வேறு கதை. ஏற்கெனவே இணைப்பு வைத்திருந்தவர்களின் பிளானையும் புதிய சலுகைகளுக்கு ஏற்ப உயர்த்துவதாக ஜியோ அறிவித்தது. சில நாட்களில் ஏர்டெல் 499 ரூபாய்க்கு 40 எம்பிபிஎஸ் என்று பதில் சொன்னது.

ஆனால் எல்லாரும் இப்படிப் பழைய வாடிக்கையாளரைத் தேடிப்போய் உயர்த்துவதில்லை. சென்னையில் நான் வைத்திருந்த இணைப்பு பேட்டையில் கேபிள் இழுக்கும் ஒருவரிடம் எடுத்தது. மாதா மாதம் அதே தொகை, அதே வேகம். எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் என்னைவிடக் குறைந்த காசுக்கு இரண்டு மடங்கு வேகம் வாங்கியிருக்கிறார் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. கேபிள்காரருக்குப் போன் போட்டேன். அவர் சற்றும் அசரவில்லை. "சார், உங்களுது பழைய பிளான். கேட்டிருந்தா அன்னிக்கே மாத்தி விட்டிருப்பேனே! மோடத்தை ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." ஐந்து நிமிடத்தில் வேகம் இரட்டித்தது. புதிய கம்பியோ புதிய பெட்டியோ வரவில்லை. அவர் கணினியில் ஒரு எண்ணை மாற்றினார், அவ்வளவே. அதுவரை அந்த எண் பழையதாகவே இருந்ததில் யாருக்கு லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை. இலங்கையில் கேட்காமலே விலை ஏறுகிறது, இந்தியாவில் கேட்டால்தான் வேகம் ஏறுகிறது.

வேகம் ஏறுவதே லாபமா என்பது இன்னொரு கேள்வி. அதற்கு இந்திய அரசு நிறுவனமான பிஎஸ்என்எல்லின் கதையைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2004ஆம் ஆண்டின் இந்திய பிராட்பேண்ட் கொள்கைப்படி 256 கேபிபிஎஸ் இருந்தாலே அது பிராட்பேண்ட். 2005இல் வந்த பிஎஸ்என்எல் டேட்டாஒன் இணைப்புகளும் பெரும்பாலும் அந்த வேகம்தான். அப்போது தொலைத்தொடர்புத் துறை அமைச்சராக இருந்தவர் தயாநிதி மாறன். 2007 ஜனவரி 1 முதல் கூடுதல் கட்டணம் இல்லாமல் வேகம் 2 எம்பிபிஎஸ் ஆகும் என்று அறிவிப்பு வந்தது. எட்டு மடங்கு! பத்திரிகைகள் கொண்டாடின. மாதம் 250 ரூபாய் பிளானில் இருந்தவருக்கோ டேட்டா அளவு 400 எம்பிதான். பழைய வேகத்தில் இடைவிடாமல் இறக்கினாலும் அதை முடிக்க மூன்றரை மணி நேரம் ஆகும். புதிய வேகத்தில் 27 நிமிடம். அதற்குமேல் ஒவ்வொரு எம்பிக்கும் தனிக் காசு. அளவில்லாத பிளான் வைத்திருந்தவர்களுக்கு இந்த வேகம் கிடைக்கவில்லை. அவர்கள் 256லேயே நின்றார்கள். அதாவது வேகம் வேண்டியவருக்கு டேட்டா இல்லை, டேட்டா இருந்தவருக்கு வேகம் இல்லை. 500 ரூபாய் பிளான்காரர்களோ இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இலவசம் என்பதால் அலாரம் வைத்து எழுந்து படம் இறக்கினார்கள்.

அந்த இரவு விழிப்பை இந்தியா மறந்து வெகுகாலம். இலங்கையில் அது அண்மைக்காலம் வரை வீட்டு வழக்கமாகவே இருந்தது. பக்கேஜை அங்கே வேகத்தை வைத்து யாரும் தெரிவுசெய்ததில்லை, ஜிபியை வைத்துத்தான். பகலுக்கு இவ்வளவு, நள்ளிரவுக்குப் பின் இவ்வளவு என்று இரண்டு கணக்கு. கோப்பாய் வீட்டில் பகலில் யாராவது பெரிய வீடியோ ஒன்றைத் திறந்தால் போதும், "பகல் டேட்டாவை முடிக்காதையுங்கோ, இரவைக்குப் போட்டிட்டுப் படுங்கோ" என்று குசினிக்குள்ளிருந்து குரல் வரும். ஃபைபர் வந்து வேகம் பல மடங்கு கூடியபோது அந்த வீட்டில் நடந்தது, மாத அளவு இன்னும் வெள்ளெனவே முடிந்ததுதான். பிறகு மேலதிக ஜிபி வாங்க வேண்டும். 2021இல் அன்லிமிட்டெட் பக்கேஜ்கள் அனுமதிக்கப்பட்ட பின்னர்தான் இந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்தது. அவற்றின் விலை சின்னம்மாவுக்குக் கட்டுப்படியாகாது என்பதால் அவர் இன்னும் பழைய பக்கேஜில்தான்.

விலையில் தலையிடாத டிராய், நிபந்தனைகளில் தலையிட்டது என்பதைக் குறிப்பிட வேண்டும். டேட்டா அளவு முடிந்த பிறகும் வீட்டு பிராட்பேண்டின் வேகம் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக்கூடாது, பாதி முடிந்ததும், 90 சதவீதம் முடிந்ததும், முழுதும் முடிந்ததும் வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று 2016 அக்டோபரில் உத்தரவிட்டது. என்னைக் கேட்டால் விலைக்கு அனுமதி கொடுப்பதைவிட இதுதான் உருப்படியான வேலை. 'உங்கள் பழைய பிளானின் காசுக்கு இப்போது இதைவிட நல்ல பிளான் இருக்கிறது' என்று வருடத்துக்கு ஒருமுறை எழுதி அனுப்பச் சொல்லும் நான்காவது தகவலையும் அதோடு சேர்த்திருக்கலாம். கேபிள்காரருக்குப் பிடிக்காது.

விலை ஏற்றத்தை முன்கூட்டியே சொல்லும் விஷயத்திலும் இந்திய வழக்கத்தில் ஒரு வசதி உண்டு. 2024 ஜூன் கடைசியில் ஜியோவும் ஏர்டெல்லும் கைபேசிக் கட்டண உயர்வை அறிவித்தன, ஜூலை 3 முதல் அமல். அந்த இடைவெளியில் பழைய விலைக்கே அடுத்தடுத்த மாதங்களுக்கு ரீசார்ஜ் செய்து வைத்துக்கொண்டவர்கள் ஏராளம். முன்பணம் கட்டும் முறையில்தான் இது முடியும். மாதக் கடைசியில் பில் வரும் இலங்கை வீட்டு இணைப்பில் தப்பிக்க வழியில்லை. இந்தியாவில் ஃபைபருக்கும் ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் என்று மொத்தமாகக் கட்டினால் சலுகை தருகிறார்கள். விலை பூட்டப்படுகிறது, உண்மை. கூடவே வேகமும் பூட்டப்படுகிறது: நடுவில் அதே காசுக்கு நல்ல பிளான் வந்து கேபிள்காரரைக் கூப்பிட்டால், "உங்க ஒரு வருஷம் முடியட்டும் சார், பார்க்கலாம்" என்பார்.