அல்லியின் சினம்

வீரமும் காதலும் தமிழர் வாழ்வின் இரு கண்கள் என்று மேடைதோறும் பேசி மகிழ்கிறோம். பேசும்போதே வீரத்தை ஆணுக்கும் காதலைப் பெண்ணுக்கும் பங்கிட்டு வைத்துவிடுகிறோம். வாளேந்தி நாடாளும் பெண்ணொருத்தியை வீரனொருவன் விரும்பினால் என்ன நேரும்? இவ்வினாவை இடைக்கால இலக்கியங்கள் பல நாடுகளில் எழுப்பியுள்ளன. தமிழில் அதனை எழுப்பிய நூல்களுள் மக்கள் நாவில் நெடுங்காலம் வாழ்ந்தது, புலவர் அவையில் பெரிதும் போற்றப்படாத ‘அல்லி அரசாணி மாலை’யே ஆகும்.

நளவெண்பா பாடிய புகழேந்தியாரே இதனையும் பாடினார் என்பது வழக்கு. நடையையும் சொல்லாட்சியையும் நோக்கும் ஆய்வாளர் பலர் அதனை ஏற்பதில்லை. நூல் பிற்காலத்தது என்பர். ‘பெரிய எழுத்து’ப் பதிப்பாகச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்கப்பட்டுத் திண்ணைகளில் உரக்கப் படிக்கப்பட்ட நூல் இது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இக்கதையை நாடக மேடைக்குக் கொணர்ந்தார். இக்கதைத் தொடரைச் சேர்ந்த ‘பவளக்கொடி’ 1934-இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. தியாகராஜ பாகவதர் திரையில் தோன்றிய முதற்படம் அதுவே.

கதையைச் சுருங்கக் காண்போம். அல்லி மலரில் கண்டெடுக்கப்பட்டுப் பாண்டியன் மகளாக வளர்ந்தவள் அல்லி. பாண்டியனின் அரசைக் கவர்ந்த நீன்முகனை வென்று மதுரையை மீட்கிறாள். பெண்களையே படையாகவும் காவலாகவும் கொண்டு ஆள்கிறாள். ஆடவரை வெறுத்து ஒதுக்கும் அவளைத் தீர்த்த யாத்திரை வந்த அருச்சுனன் விரும்புகிறான். நேரே கேட்டுப் பெற வழியில்லை. கண்ணன் பாம்பாட்டியாகவும் அருச்சுனன் பாம்பாகவும் உருமாறி அரண்மனைக்குள் நுழைகின்றனர். உறங்கும் அல்லியின் கழுத்தில் அருச்சுனன் தாலி கட்டிவிடுகிறான். விழித்தெழுந்தவள் சினந்து பகை கொள்கிறாள். முடிவில் அவனுக்கு மனைவியாகிறாள். புலந்திரன் என்னும் மகனைப் பெறுகிறாள்.

நூலின் நெஞ்சம் அந்தத் தாலியில்தான் இருக்கிறது. காண்டீபம் ஏந்தியவன் அதனைக் கீழே வைத்துவிட்டுப் பாம்பாகி ஊர்ந்து வருகிறான். பகலில் போர்க்களத்தில் வெல்ல இயலாதவளை இரவில், அவள் அறியாதபோது பிணைக்கிறான். கேட்போர் நகைத்து மகிழ வேண்டிய இடமாகவே இது மேடையில் நடிக்கப்பட்டு வந்தது. நாமும் நகைத்தே வந்துள்ளோம். ஆயினும் இதனைத் திருமணம் என்பதினும் களவு என்பதே பொருந்தும். சங்கப் புலவர் பாடிய களவன்று இது. அந்தக் களவில் இருவர் நெஞ்சமும் ஒன்றாகும். இங்கே ஒருத்தி உறங்கிக்கொண்டிருக்கிறாள்.

இதே காதலைப் பிறர் எவ்வாறு பாடினர் என்பதையும் ஒப்புநோக்குவோம். மதுரைக்கே உரிய மற்றொரு வீரமகள் தடாதகைப் பிராட்டி. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் அவள் எண்டிசையும் வென்று கயிலையை அடைகிறாள். அங்கே இறைவனைக் கண்ட அளவில் அவளுடைய மூன்றாம் கொங்கை மறைகிறது, நாணம் தோன்றுகிறது. அவளை எவரும் தோற்கடிக்கவில்லை. தன் துணைவனைத் தானே, விழித்த கண்ணால், அடையாளம் காண்கிறாள். மணம் நிகழ்வதும் அவளது மதுரையிலேயே. ஆனால் மணத்துக்குப்பின் சுந்தரபாண்டியனாக முடிசூடி ஆள்பவன் இறைவன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஜைமினி பாரதத்தில் வரும் பிரமீளை பெண்ணாட்டின் அரசி. கன்னடத்தில் இலக்குமீசர் பாடிய காவியத்திலும் அவள் இடம்பெறுகிறாள். வேள்விக் குதிரையைப் பிடித்துக் கட்டி, தன்னை மணக்குமாறு அருச்சுனனிடம் நேர்நின்று கேட்கிறாள். அவன் மறுக்கவே போர் தொடுக்கிறாள். பெண்ணைக் கொல்லாதே, மணந்துகொள் என்று வானொலி அவனைத் தடுக்கிறது. அங்கே கேட்பவளும் அவள், போரிடுபவளும் அவள்.

மேலைநாட்டில் இத்தாலியக் கவிஞர் அரியோஸ்தோ பாடிய ‘ஒர்லாந்தோ ஃபூரியோசோ’ 1532-இல் முழுவடிவம் பெற்றது. அதில் வரும் பிராதமாந்தே கவசம் பூண்ட வீராங்கனை. ருஜ்ஜியெரோ என்னும் வீரனைக் காதலிப்பவள். தன்னோடு பொருது பொழுது சாயும்வரை தாக்குப்பிடிப்பவனையே மணப்பேன் என்று பேரரசன் அவையில் அறிவிக்கிறாள். நன்றிக்கடனால் கட்டுண்ட ருஜ்ஜியெரோ, வேறொருவன் கவசத்தை அணிந்து அந்தக் களத்தில் நிற்கிறான். காதலியைக் காயப்படுத்த மனமின்றி, அவள் வாள்வீச்சைத் தடுத்துத் தடுத்தே பகலைக் கழிக்கிறான். அங்கும் மாறுவேடம் உண்டு. உறங்கும் கழுத்து இல்லை. அவள் விதித்த விதிப்படி, அவள் கையில் வாள் இருக்கும்போதே சோதனை நடைபெறுகிறது.

இவ்வாறு ஒப்பிடும்போது அல்லி கதையின் குறை தெளிவாகிறது. அவளுக்குத் தகுதியான ஒரு செயலையேனும் அருச்சுனன் செய்வதாகப் பாடியவர் அமைக்கவில்லை. அவன் வலிமை முழுவதும் கண்ணனின் சூழ்ச்சியிலிருந்து கடன் வாங்கியது. அல்லியை அவ்வளவு உயரத்தில் நிறுத்திவிட்டு, அவளை இறக்குவதற்கு மாயத்தையன்றி வேறு வழி காணாமல் பாடியவர் தடுமாறினார் என்றே கூறத் தோன்றுகிறது.

ஆயினும் இந்நூலைத் தள்ளிவிட நாம் உடன்படோம். தாலியே தீர்ப்பாயின் கதை அவ்விரவோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. விழித்தவள் தலைகுனிந்து ஏற்றுக்கொள்ளாமல் சினக்கிறாள். பவளக்கொடி கதையில் மகன் பவளத்தேர் கேட்கிறான். அதைத் தேடிச் சென்ற தந்தை சென்ற இடத்தில் மற்றொருத்தியை மணக்கிறான். மகனோடு மதுரையில் இருப்பவள் அல்லி. கணவன் இல்லாத வீட்டையும் நாட்டையும் தாங்குபவள் அவளே என்பதைப் பாடியவர் அறிந்தே இருந்தார். நாட்டுப்புறப் பெண்கள் இதனைத் திரும்பத் திரும்பக் கேட்டதற்குப் பாம்பாட்டி வேடிக்கையைவிட இந்தச் சினமே காரணமாக இருந்திருக்கும் என்பது நம் எண்ணம்.

நாளடைவில் சினம் மறைந்து கேலி எஞ்சியது. பெண் சொல் செல்லும் வீட்டை ‘அல்லி ராஜ்யம்’, ‘அல்லி தர்பார்’ என்று எள்ளி நகையாடுகிறோம். மும்பைத் தமிழராகிய நாம் இச்சொல்லைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். நெல்லைச் சீமையிலிருந்து ஆடவர் பிழைப்புத் தேடித் தாராவிக்கு வந்த நாளில், ஊரில் நிலத்தையும் பிள்ளைகளையும் முதியோரையும் காத்தவர் யார்? பின்னர் இங்கு வந்து, விடியுமுன் எழுந்து மாவரைத்து இட்டலி அவித்துக் குடும்பத்தை நிமிர்த்தியவர் யார்? மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அலுவலகத்துக்கும் அடுக்களைக்கும் இடையே ஓடி வீட்டை நடத்துவோர் யார்? அவர்தம் உழைப்பில் உண்டு, அவர்தம் சொல்லைக் கேலி செய்வது எவ்வகை அறம்?

தாகூர் இதற்கொரு வழி காட்டினார். 1892-இல் அவர் எழுதிய ‘சித்ராங்கதா’வில், ஆண்மகன்போல் வளர்க்கப்பட்ட மணிப்பூர் இளவரசி, அருச்சுனனைக் கவர்வதற்காக ஓராண்டுக்கு அழகைக் கடன் பெறுகிறாள். முடிவில் அதனைக் களைந்து, தன் இயல்பான உருவோடு அவன்முன் நிற்கிறாள். அவனும் நிறைவோடு ஏற்கிறான். தமிழ் மரபில் சித்திராங்கதை பாண்டியன் மகளாகவும் சொல்லப்படுகிறாள். அவளே அல்லி என்று கருதுவோரும் உண்டு. ஒரே பெண்ணை வங்கக் கவிஞர் விழித்த நிலையில் காதலிக்கச் செய்தார். நம் பாடகர் உறங்கும் நிலையில் மணமுடித்தார்.

பழங்கதையைத் திருத்தி எழுத வேண்டுவதில்லை. மறைக்கவும் வேண்டா. இந்நகரில் பிறந்து வளரும் நம் பெண்மக்களுக்கு அல்லியின் கதையை முழுமையாகச் சொல்வோம். பாம்பாட்டி வரும் இடத்தில் நகைப்பை நிறுத்தி, இது முறையா என்று அவர்களையே கேட்போம். நம் ஆண்மக்களையும் உடன் அமர்த்திக் கேட்போம். அடுத்த முறை எவரேனும் ‘அல்லி ராஜ்யம்’ என்று நகைத்தால், அது பறிபோன நாட்டை ஒரு பெண் போரிட்டு மீட்டு ஆண்ட ஆட்சியின் பெயர் என்று அவர்கள் விடையிறுக்கட்டும்.