பேயின் மேல் போட்ட பழி

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரிக் கரிசலில், எம்.ரெட்டியபட்டியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பழகியோர் ஒரு வழக்கை அறிவர். குடித்துவிட்டு மனைவியை அடித்தவன் மறுநாள் காலையில் ஊர்ப் பெரியவர்கள் முன் தலைகுனிந்து நிற்பான். "நான் அடிக்கலை அண்ணாச்சி, எனக்குள்ள சாத்தான் பூந்துட்டான்" என்பான். "சரிப்பா, போனது போகட்டும், கோவிலுக்குப் போயி ஒரு மெழுகுதிரி ஏத்து" என்று தீர்ப்புச் சொல்லப்படும். சாத்தான் மேல் பழி போட்டதும் வழக்கு முடிந்துவிடும். அடிபட்டவளின் கன்னத்து வீக்கம் மட்டும் வடியாது.

இன்னொரு நாள் அதே பெண் பேச்சின்றி, உணவின்றி, வெறித்த பார்வையோடு மூலையில் உட்கார்ந்துவிட்டால், அவளைப் பேய் பிடித்துவிட்டது என்பர். அடித்தவனுக்குள் புகுந்த சாத்தான் விடிந்ததும் தானாகவே வெளியேறிவிடுகிறது. அடிபட்டவளைப் பிடித்த பேயை விரட்டவோ உடுக்கும் வேப்பிலையும் சாட்டையும் வேண்டியிருக்கின்றன. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

இக்கேள்வியை நம் தமிழ் இலக்கியத்தில் அச்சமின்றி எழுப்பிய நூல்களுள் ஒன்று பாமாவின் 'சங்கதி'. வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் கத்தோலிக்கத் தலித் குடும்பத்தில் பிறந்து, சில ஆண்டுகள் துறவற சபையில் வாழ்ந்து வெளியேறிய அவர், 1992இல் 'கருக்கு' நூலையும் 1994இல் 'சங்கதி'யையும் தந்தார். அவருடைய ஊர் மலையடிவாரம். நாம் சொன்ன ஊர்களோ கரிசல். ஆயினும் இரண்டும் ஒரே விருதுநகர் மாவட்டமே, வழக்கும் ஒன்றே. முதல் நூலைப் பற்றி நம்மவர் நிறையப் பேசினர். இரண்டாவது நூல் நம் மனச்சான்றைத் தொடும் அளவுக்கு நாம் அதைப் பேசவில்லை.

'சங்கதி'யில் பேய் பிடித்தல் பற்றிய பகுதி தனியே கவனிக்கத்தக்கது. பேய் ஏன் பெண்களையே பிடிக்கிறது, அதிலும் ஏன் உழைத்துக் களைத்த தலித் பெண்களையே நாடுகிறது என்று கதை சொல்பவர் கேட்கிறார். காட்டிலும் வீட்டிலும் ஓயாத வேலை, ஆண்டைகளின் தொல்லை, கணவனின் அடி ஆகிய இவற்றால் உள்ளம் நைந்துபோவதையே ஊர் பேய் என்கிறது என்ற முடிவுக்கு அவர் வருகிறார்.

அங்கே பேசப்படும் இசக்கியின் கதையை எண்ணிப் பாருங்கள். சாதி கடந்து ஒருவனை விரும்பியதற்காக உடன்பிறந்தோராலேயே கொல்லப்பட்டவள் அவள். கொன்றவர்கள் மனிதர்களாகவே வாழ்ந்து முடிந்தார்கள், கொல்லப்பட்டவள் பேயானாள். ஊர் இன்றும் அஞ்சுவது அவளுக்கே. அரிவாள் எடுத்த கைகளுக்கு அன்று. ஒரு கொலையை மறக்க இதைவிட எளிய வழி உண்டோ?

அதே நூலில் மாரியம்மாவின் கதையும் வருகிறது. நிலக்காரர் ஒருவர் அவளைக் கெடுக்க முயல்கிறார், அவள் தப்பியோடுகிறாள். தம் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சிய அவர், முந்திக்கொண்டு நாட்டாமையிடம் சென்று, அவள் வேறோர் இளைஞனோடு தவறாக நடந்ததாகக் குற்றஞ்சாட்டுகிறார். ஊர்க்கூட்டம் அவளுக்கு 200 ரூபாயும் அவனுக்கு 100 ரூபாயும் தண்டம் விதிக்கிறது. இக்கதையில் பேயே இல்லை. ஆனால் இங்கேதான் அலகை முழு உருவத்தோடு நிற்கிறது என்பது நம் கருத்து.

ஏனெனில் எபிரேயத்தில் 'சாத்தான்' என்ற சொல்லுக்கு எதிராளி, குற்றஞ்சாட்டுபவன் என்று பொருள். கிரேக்கத்தில் அலகையைக் குறிக்கும் 'தியாபொலோஸ்' என்ற சொல்லோ அவதூறு பேசுபவனைக் குறிக்கும். பிறர் மேல் பொய்ப்பழி சுமத்துவதே அலகையின் தொழில். அப்படியானால், தன் குற்றத்தைப் பிறர் தலையில் ஏற்றுகிறவன் அந்தத் தொழிலையே செய்கிறான். "சாத்தான் செய்தான்" என்று சொல்லித் தப்புகிறவனும் சாத்தானின் வேலையைத்தான் செய்கிறான் என்பது விந்தையான உண்மை.

தொடக்கநூலின் மூன்றாம் அதிகாரம் இதை எவ்வளவு நுட்பமாகக் காட்டுகிறது! கடவுள் ஆதாமைக் கேட்கிறார். அவன் பெண்ணைக் கைகாட்டுகிறான். பெண்ணைக் கேட்கிறார், அவள் பாம்பைக் கைகாட்டுகிறாள். ஆனால் கடவுள் பாம்பிடம் கேள்வி எதுவும் கேட்பதில்லை. தண்டனையை மட்டும் சொல்கிறார். பதில் சொல்லும் பொறுப்பு மனிதனுக்கே உண்டு என்பதை அந்த மௌனம் உணர்த்தவில்லையா? மனிதனைக் கெடுக்கும் தீமைகள் அவன் உள்ளத்திலிருந்தே புறப்படுகின்றன என்று ஆண்டவர் கூறியதை மாற்கு நற்செய்தியாளரும் பதிவு செய்துள்ளார்.

பழியை மாற்றிப் போடுவது வெறும் பேச்சுக் குற்றம் என்று எண்ணிவிட வேண்டாம். அதற்கு உயிர்கள் விலையாகின்றன. நமக்கு அண்டையில் உள்ள இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓடித் தப்ப இயலவில்லை. தீய ஆவி நீங்கிக் குணமாகும் என்ற நம்பிக்கையோடு மனநோயாளரைக் குடும்பத்தார் அழைத்து வந்து விட்டுச் சென்ற ஊர் அது. அந்தச் சங்கிலியைப் பூட்டியது எந்தப் பேய்? மனிதக் கைகளே பூட்டின. மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றாகத் தடை செய்கிறது.

அது பிற சமயத்தாரின் ஊர் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. தூத்துக்குடி மாவட்டத்துப் புளியம்பட்டி அந்தோனியார் திருத்தலம் போன்ற இடங்களுக்கு நம் குடும்பங்களும் பேய் பிடித்ததாகச் சொல்லிப் பெண்களைக் கூட்டி வருகின்றன. புனிதரை நாடுவது தவறன்று. ஆனால் அப்பெண்ணிடம் "உன்னை அடித்தது யார்?" என்று ஒருமுறையேனும் கேட்டுவிட்டுப் பேருந்து ஏறினோமா?

அலகை இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. திருச்சபை அதன் இருப்பை மறுப்பதில்லை. அதன் வல்லமை எல்லைக்குட்பட்டது என்றும் 1992ஆம் ஆண்டின் மறைக்கல்வி ஏடு கற்பிக்கிறது. பேயோட்டும் சடங்குக்கு ஆயரின் தனி அனுமதி வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் வரையறுக்கிறது; நோயா, தீய ஆவியா என்று முதலில் ஆராய வேண்டும் என்று மறைக்கல்வி ஏடு எச்சரிக்கிறது. திருச்சபை இவ்வளவு தயங்கிச் சொல்வதை நாம் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்!

'சங்கதி'யோடு நாம் வேறுபடும் இடமும் ஒன்று உண்டு. பெண்கள் தம் உள்ளத்தை உறுதியாக்கிக்கொள்ள வேண்டும் என்று ஆசிரியர் அறிவுரை கூறுகிறார். அது நல்ல அறிவுரையே. எனினும், ஏற்கெனவே சுமப்பவள் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவது போலவும் அது ஒலிக்கிறது. உள்ளத்தை மாற்றிக்கொள்ள வேண்டியவன் முதலில் அடித்தவன் அல்லவா?

ஆயினும் நூலின் பெருமை வேறொன்றில் உள்ளது. வயலில் அவமானப்பட்ட ஆண் அந்தச் சினத்தை வீட்டில் தீர்க்கிறான் என்பதை ஆசிரியர் புரிந்துகொள்கிறார். ஆனால் அதைச் சொல்லி அவனை விடுவித்துவிடவில்லை. இன்று நம்மிடையே படித்தவர்கள் சாத்தானை விட்டுவிட்டு, "சமுதாயம் அப்படி, காலம் அப்படி" என்கிறார்கள். பெயர் மாறியதேயொழியப் பழி மாற்றும் வழக்கம் மாறவில்லை. சாதிக்கொரு கல்லறை வைத்திருப்பதற்கும் நாம் சொல்லும் காரணம் "முன்னோர் வழக்கம்" என்பதே.

திருப்பலியின் தொடக்கத்தில் நாம் அனைவரும் மார்பில் தட்டிப் பாவத்தை அறிக்கையிடுகிறோம். அந்த மன்றாட்டில் சாத்தானின் பெயர் இல்லை. சமுதாயத்தின் பெயரும் இல்லை. செய்த பாவத்தோடு செய்யத் தவறிய கடமையும் அங்கே நம் கணக்கிலேயே எழுதப்படுகிறது. பாஸ்கா இரவில் சாத்தானின் பெயரைச் சொல்லும்போதுகூட, அவனை விட்டுவிடுவதாக வாக்களிப்பது நாமே.

சாத்தான் புகுந்ததாகச் சொல்லி நம் முன் நிற்பவனை மெழுகுதிரி ஏற்ற அனுப்புமுன், அவன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்க அனுப்புவோம். அவளுக்கு மருத்துவம் வேண்டுமாயின் மருத்துவரிடமும், பாதுகாப்பு வேண்டுமாயின் காவல் நிலையத்துக்கும் நாமே உடன் செல்வோம். மெழுகுதிரியை அதற்குப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.