பெரிய துபாசி: ஒரு பட்டத்தின் வரலாறும் ஆனந்தரங்கர் நாட்குறிப்பும்

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, தமிழ் உரைநடை வரலாற்றில் தான் பெறற்குரிய இடத்தை இன்னும் பெற்றிலது. வரலாற்றாசிரியர் அதனைச் சான்றுக் களஞ்சியமாகக் கொண்டனர். மொழிநூலார் பதினெட்டாம் நூற்றாண்டுப் பேச்சு வழக்கிற்கு அதனை எடுத்துக்காட்டினர். இலக்கியத் திறனாய்வாளரோ, பாரசீகமும் பிரெஞ்சும் விரவிய வணிகக் குறிப்பு அஃது எனக் கருதிப் பெரும்பாலும் ஒதுங்கியே நின்றனர். அவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு தியாகராச தேசிகர் இயற்றிய 'ஆனந்தரங்கன் கோவை'க்கு மட்டும் சிற்றிலக்கிய வரலாற்றில் தயங்காது இடம் தந்துள்ளோம். புகழப்பட்டவர் எழுதியதை விட்டுப் புகழ்ந்தவர் எழுதியதை இலக்கியமாகக் கொள்ளும் இம்முறை பொருந்துவதன்று என்பது என் கருத்து. அதனை நிறுவுவதற்கு, அவ்விரு நூல்களுக்கும் பின்புலமாக நிற்கும் 'பெரிய துபாசி' என்னும் பட்டத்தின் வரலாற்றை முதற்கண் அறிதல் வேண்டும்.

துபாசி என்பான் இருமொழி வல்லான், சொற்பொருள் அவ்வளவே. பிரெஞ்சுக் கும்பெனியார் இப்பதவியினரைக் 'கூர்த்தியே', அஃதாவது தரகர், என வழங்கினர். இவ்விரண்டு சொல்லும் பதவியின் முழு அளவைக் காட்டா. துணி கொள்முதலுக்கு வணிகரோடு ஒப்பந்தம் பேசுதல், சுற்றுப்புற அரசர்க்கு ஓலை விடுத்தல், ஊரார் வழக்கைக் கவர்னர் செவிக்குக் கொண்டுசெல்லுதல் ஆகிய யாவும் அவரைச் சார்ந்தன. நகரின் வடபால் அமைந்த முத்தியால்பேட்டை போன்ற நெசவாளர் குடியிருப்புகளில் தறி ஓடினால்தான் கும்பெனியின் கப்பல் நிறையும். கப்பல் நிறைந்தால்தான் துபாசியின் பல்லக்கு நகரும். இவ்வளவு பெரிய பதவிக்கு உரிமை முறி யாதும் இல்லை. கவர்னரின் உவப்பே அதன் சாசனம்.

இப்பதவி இரு குடும்பங்களிடையே மாறி மாறிச் சென்றது. ஒன்று, பிரான்சுவா மர்த்தேன் காலத்திலேயே கும்பெனிப் பணியில் ஊன்றிய கிறித்தவ முதலியார் குடும்பம். மற்றொன்று, 1708இல் துபாசியான நைனியப்ப பிள்ளையின் குடும்பம். நைனியப்பர் சைவ வைணவ வழிபாட்டினர் பக்கம் நிற்பவர் எனச் சேசு சபையார் அவர்மீது பகை கொண்டிருந்தனர். 1716இல் கவர்னர் எபேர் அவரைச் சிறைப்படுத்தினார். கடைத்தெருவில் கசையடியும், உடைமை பறிமுதலும், சிறையும், அதன்பின் நாடு கடத்தலும் தண்டனையாக விதிக்கப்பட்டன. 1717இல் அவர் சிறையிலேயே இறந்தார். பதவி முதலியார் குடும்பத்துக் கனகராய முதலியாரிடம் சென்றது. இவ்வழக்கினை விரிவாக ஆராய்ந்து தானா அக்மோன் 2017இல் வெளியிட்ட ஆங்கில நூல், அது வணிகமும் சமயமும் பின்னிய ஓர் அரசியற் போராட்டம் என்பதனை ஆவணங்களால் காட்டியுள்ளது.

நைனியப்பர் மகன் குருவப்ப பிள்ளை கடல் கடந்து பிரான்சு சென்றார். ஆண்டுத் திருமுழுக்குப் பெற்று, புனித மிக்கேல் வரிசையின் 'செவாலியே' என்னும் வீரப்பட்டமும் பெற்று, 1722இல் பெரிய துபாசியாகத் திரும்பினார். தந்தை மாறாத சமயத்தை மகன் மாறித் தந்தையின் பதவியை மீட்டார் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. ஆயினும் 1724இல் அவர் மறைய, பதவி மீண்டும் கனகராயரிடமே சென்று, 1746 பெப்ருவரி 12ஆம் நாள் அவர் இறக்குமளவும் அவரிடமே நிலைத்தது.

ஆனந்தரங்கர் இவ்வரிசையில் எங்கு நிற்கின்றார்? அவர்தம் தந்தை திருவேங்கடம் பிள்ளை, நைனியப்பரின் மைத்துனர். நைனியப்பர் அழைப்பின்பேரில் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தவர். நைனியப்பர் வீழ்ந்தபோது அக்குடும்பமும் நிலைகுலைந்தது. 1709இல் பிறந்த ஆனந்தரங்கர் அப்பொழுது ஏழாண்டுச் சிறுவர். குடும்பத்தின் பட்டம் கடைத்தெருவில் கசையடிபட்டதும், பிறகு செவாலியே உடையணிந்து திரும்பியதும், மீண்டும் கைநழுவியதும் அவர்தம் இளமையின் செவிச் செய்திகளாக இருந்திருத்தல் வேண்டும். நாட்குறிப்பினை 1736இல் அவர் தொடங்கியபோது பட்டம் பிறர் கையில் இருந்தது.

ஈண்டுப் பிறநாட்டு ஒப்புமை ஒன்று பயன்படும். இசுக்காத்துலாந்தில் மார் என்னும் தொன்மையான பிரபுப் பட்டம், 1715ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய குற்றத்திற்காக, நைனியப்பர் தண்டிக்கப்பட்ட அதே 1716இல் பறிக்கப்பட்டது. 108 ஆண்டுகள் கழித்து 1824இல் அது வழித்தோன்றலுக்கு மீட்டளிக்கப்பட்டது. பின்னர் அதன் வாரிசுரிமை பற்றி எழுந்த வழக்கு முற்றி, 1885இல் பாராளுமன்றச் சட்டத்தின் வாயிலாக மார் என்னும் பெயரிலேயே இரண்டு பிரபுக்கள் நிலைபெற்றனர். பறிக்கப்பட்ட பட்டத்தையும் அந்நாட்டுச் சட்டம் ஒரு பொருளாக நினைவில் வைத்திருந்தது. புதுச்சேரித் துபாசிக்கு அத்தகைய சட்டம் இல்லை. பட்டம் போயிற்று எனின், அது இருந்ததற்கும் அடையாளம் இல்லையாகும். சட்டம் நினைவில் வைக்காததை ஏடுதான் நினைவில் வைத்தல் வேண்டும்.

நாட்குறிப்பின் நடையை இந்நிலையில் நின்று நோக்கின், குறையெனக் கூறப்பட்டவை பொருளுடையனவாகத் தோன்றும். எத்தனை பீரங்கி முழங்கிற்று, யார் எழுந்து நின்றார், யாருக்கு எவ்விடத்தில் இருக்கை, வெற்றிலை பாக்கும் பன்னீரும் யார் கையால் வழங்கப்பெற்றன, எத்தனை முழச் சகலாத்து பரிசாயிற்று என்றிவற்றை அவர் சலியாது எழுதுகின்றார். இதனைத் தற்பெருமை என்று சிலர் கூறுவர். தற்பெருமை சிறிது உண்டு; மறுப்பதற்கில்லை. ஆயினும் வெறும் தற்பெருமை தனக்குச் சாதகமானதை மட்டுமே எழுதும். இவரோ பிறர் பெற்ற சிறப்பையும், கவர்னர் தம்மிடம் காட்டிய சினத்தையும், தாம் வாயிலில் காத்து நின்ற நாழிகையையும் அதே கவனத்துடன் எழுதுகின்றார். உறுதியற்ற ஒரு பதவியின் ஏற்றத்தாழ்வை நாள்தோறும் அளந்து பதியும் கணக்கு இது. வணிகன் சரக்கின் விலையைக் குறிப்பது போல இவர் மதிப்பின் விலையைக் குறித்துவைத்தார்.

இக்கருத்திற்குச் சிறந்த சான்று கனகராயர் மறைவை ஒட்டிய பகுதி. இறுதிச் சடங்கின் சிறப்பினை அவர் விரித்தே எழுதுகின்றார். கனகராயரின் உடைமை பற்றி இளவல் ஒரு பாலும் மனைவியார் ஒரு பாலுமாக எழுந்த பூசலையும் விடாது பதிகின்றார். அடுத்த துபாசி யார் என்னும் வினா நகரெங்கும் பேச்சாயிற்று. கிறித்தவர் ஒருவரே அப்பதவிக்கு வருதல் வேண்டும் என்று குருமார் விழைந்தனர். கவர்னர் துய்ப்ளேயின் மனைவியாரும் அவர்கள் பக்கமே. ஆனந்தரங்கரிடம் பணி முதலில் வந்தது; பெயர் உடன் வரவில்லை. வேண்டும் என்று வாய்விட்டுக் கேளாமல், வேண்டா என்றும் சொல்லாமல் அவர் காத்திருந்த நாள்களின் பதிவு, உரைநடையில் உள்ளத்தைத் தீட்டும் கலைக்குத் தமிழில் கிடைத்த முதற்பெரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று என்பேன். அவர் தம் உள்ளத்தைப் பற்றி ஏதும் கூறாமலே, பிறர் கூறியவற்றை வரிசையாக எழுதுவதனால் அதனைக் காட்டிவிடுகின்றார்.

இனிக் கோவைக்கு வருவோம். கோவை, அகத்துறைகளைக் கதைபோல் தொடுத்து, பாட்டுடைத் தலைவன் பெயரையும் ஊரையும் செய்யுள்தோறும் அமைத்துச் செல்வது. நாடு, ஊர், ஆறு, மலை, கொடி, முரசு எனத் தலைவற்குரியவாக மரபு வகுத்த உறுப்புகள் குடி வழிவந்த வேந்தற்கும் வள்ளற்கும் ஏற்றவை. துணித் தரகினின்று எழுந்த ஒருவர்க்கு நாடும் இல்லை, மலையும் இல்லை. புலவர் அவற்றைக் கடனாகத்தான் தருதல் வேண்டும். கோவை இலக்கணத்தில் தறிக்கு இடமில்லை. கவர்னரின் மாளிகை வாயிலில் காத்திருத்தற்கும் துறையில்லை. ஆகவே கோவையின் ஆனந்தரங்கர் என்றும் வீழாத புகழினர். இது தேசிகரின் குறையன்று. அவர் எடுத்துக்கொண்ட வடிவத்தின் எல்லை.

வடமொழியில் சீனிவாச கவி 1752இல் இயற்றிய 'ஆனந்தரங்க விஜய சம்பு'விற்கும் இது பொருந்தும். முசாபர் சங்கு ஆனந்தரங்கர்க்கு மூவாயிரம் குதிரைக்குரிய மன்சப் என்னும் முகலாய வரிசையினையும் விருதுப் பெயர்களையும் வழங்கினான். அவன் 1751 தொடக்கத்திலேயே கொல்லப்பட்டான். வழங்கியவன் மாண்ட மறு ஆண்டில், வழங்கப்பட்ட பெருமை காவியமாயிற்று. பட்டத்தின் நிலையாமையை அறிந்த தலைவர், அதனை நிலைபெறச் செய்யப் புலவரைப் புரந்தார் எனக் கொள்ளுதல் தவறாகாது.

இருவகை எழுத்தின் வேறுபாடும் மிகக் கூர்மையாகப் புலப்படும் இடம் 1748ஆம் ஆண்டு. அவ்வாண்டு செப்டம்பரில், ஆங்கிலக் கடற்படைத் தலைவன் பொசுகாவன் நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில், சம்பா கோவில் என மக்கள் வழங்கும் மாதா கோவிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அன்று நகரத் தமிழருள் முதன்மை பெற்றிருந்தவர் ஆனந்தரங்கர். தாம் அதனைத் தடுக்கவில்லை. தடுக்க இயலவில்லை என்கின்றார். அப்பகுதியில் அவர் நடை தடுமாறுகின்றது. துயரம் உண்டு, கவர்னர் மனைவியார்மீது சினம் உண்டு, தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் விளக்கமும் உண்டு. பெரிய துபாசி என்னும் பட்டத்தின் விலை என்ன என்பதனை அவர் வேறெங்கும் இத்துணை வெளிப்படையாகக் காட்டவில்லை. அவ்விளக்கம் என்னை முழுதும் நிறைவு செய்யவில்லை. ஆனால் நிறைவு செய்யாத விளக்கத்தையும் அழிக்காமல் விட்டுவைத்தது, அவ்வேட்டினைப் புகழ்ப் பாடல்களினின்றும் வேறுபடுத்தி இலக்கியமாக்குகின்றது. நன்மையும் குற்றமும் கலந்த ஒரு மனிதரை அதிற் காண்கின்றோம்.

இங்கு ஒரு தடை எழலாம். கலை நோக்கமின்றி எழுதப்பட்டதை இலக்கியம் எனல் பொருந்துமோ என்பர். நோக்கம் கொண்டு இலக்கியத்தை அளப்பதாயின், பரிசில் வேண்டிப் பாடிய கோவையும் உலாவும் தப்புதல் அரிது. மேலும், இவ்வேட்டில் புனைகதைக்குரிய விதைகள் உள்ளமையைப் புதுச்சேரி எழுத்தாளர் பிரபஞ்சன் கண்டார். அவருடைய 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ஆகிய நாவல்கள் நாட்குறிப்பினின்று முளைத்தவையே. பின்னதற்கு 1995இல் சாகித்திய அகாதெமிப் பரிசு கிட்டியது. கோவையினின்று அவ்வாறு ஒரு நூல் முளைக்கவில்லை. மாணவர் இவ்விரண்டினையும் அருகருகே வைத்துப் பயில்வாராயின், கோவையும் புதுப்பொருள் தரும். அதன் மிகைப் புகழுக்குள் ஒளிந்திருக்கும் அச்சம் அப்பொழுது தெரியும்.

துய்ப்ளே 1754இல் திருப்பி அழைக்கப்பட்ட பின்னர் ஆனந்தரங்கரின் செல்வாக்குத் தளர்ந்தது; நோயும் சேர, 1756இல் பதவி நீங்கினார். 1761 சனவரி 12ஆம் நாள் அவர் இறந்தார். நான்கு நாள் கழித்து, 16ஆம் நாள், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் பணிந்தது. நாட்குறிப்பு எழுதும் வழக்கம் மட்டும் அவர் குடும்பத்தில் தொடர்ந்தது. அவர்தம் விருதுப் பெயரில் வழங்கிய 'விஜய' என்னும் அடை, நூற்றாண்டின் இறுதியில், 1794 முதல் 1796 வரை நாட்குறிப்பு எழுதிய முத்து விஜய திருவேங்கடம் பிள்ளையின் பெயரிலும் காணப்படுகின்றது.