விடுதி என்னும் வெளி: 'கருக்கு'வை முன்வைத்து

2025 ஜூலையில் தமிழக அரசு ஓர் அறிவிப்புச் செய்தது. ஆதிதிராவிடர் விடுதி, பிற்படுத்தப்பட்டோர் விடுதி என்று தனித்தனிப் பெயரில் இருந்த அரசு மாணவர் விடுதிகள் எல்லாம் இனிமேல் 'சமூகநீதி விடுதி' என்று ஒரே பெயரில் அழைக்கப்படும். செய்தியைப் படித்ததும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் 'எங்கடா எறங்கணும்' என்று கேட்டால் ஹாஸ்டல் ஸ்டாப்பைச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட் வாங்கி, இறங்கித் திரும்பி நடந்து வந்தவன் நான். ஒரு பெயர் எவ்வளவு கனம் என்று என் காலுக்குத் தெரியும்.

போர்டு மாறுவது நல்லது. ஆனால் போர்டுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது. அதற்கு நம் இலக்கியத்தில் என்ன பெயர்? ஊரும் சேரியும் பற்றி நமக்குச் சொற்கள் உண்டு. வயல், களம், சுடுகாடு, டீக்கடை இரட்டை டம்ளர் என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறோம், விமர்சித்திருக்கிறோம். தலித்துகளில் முதல் தலைமுறையாகப் படித்து வந்த எத்தனையோ பேர் ஏதாவது ஒரு விடுதியின் தட்டில் சாப்பிட்டு வந்தவர்கள். எழுத வந்த கைகளுக்குச் சோறு போட்ட இடம் அது. அந்த இடத்தைப் பற்றி நம் விமர்சனம் பேசவில்லை. சினிமாவில் ஹாஸ்டல் என்றால் கும்மாளம், ராகிங், காதல் கடிதம், ரூம்மேட். அங்கே யாருக்கும் சாதி கிடையாது; மெஸ் பில் கட்ட முடியாதவனும் கிடையாது.

2

விடுதி என்பது வெறும் தங்குமிடம் அல்ல. யாரோடு யார் படுப்பது, யாரோடு யார் உண்பது என்று தீர்மானிக்கிற இடம். சாதியின் உயிர் அந்த இரண்டில்தானே இருக்கிறது! அதனால்தான் சாதிக்கு எதிராக வேலை செய்தவர்கள் பள்ளிக்கூடத்தோடு விடுதியையும் கட்டினார்கள். கோலாப்பூரில் சாகு மகராஜ் ஆதரவில் தீண்டப்படாத மாணவர்களுக்கென்று 1908இல் மிஸ் கிளார்க் விடுதி வந்தது. 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். அம்பேத்கர் 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவை ஆரம்பித்தார். அடுத்த வருஷமே சபா செய்த காரியங்களில் ஒன்று, சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. படிக்க இடம் கிடைத்தாலும் படுக்க இடம் கிடைக்காது என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. பரோடாவில் உத்தியோகத்துக்குப் போய், தங்க ஓர் அறை கிடைக்காமல் பார்சி விடுதியில் பெயரை மறைத்துத் தங்கி, கண்டுபிடிக்கப்பட்டுத் தடியோடு வந்தவர்களால் விரட்டப்பட்டவர் அவர்.

தமிழ்நாட்டு அரசியலையே அசைத்த ஒரு சண்டையும் விடுதிப் பந்தியில் தொடங்கியதுதான். வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சோறு போட்டார்கள். 1924, 25இல் அது பெரிய விவகாரமாக வெடித்தது. பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியதன் பின்னணியில் அதுவும் இருக்கிறது. அந்தச் சண்டையை நான் மதிக்கிறேன். ஆனால் அது பிராமணப் பிள்ளை, பிராமணரல்லாத பிள்ளை என்ற இரண்டு பந்தி பற்றிய சண்டை. சேரிப் பிள்ளைக்கு எந்தப் பந்தி என்பது அதன் மையக் கேள்வியாக இருக்கவில்லை. மையத்தில் வைக்காத கேள்வி சும்மா கிடக்காது. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடியின் ஒரு மெஸ்ஸில் சைவத்துக்குத் தனி வாசல், தனிக் கை கழுவும் இடம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். மாணவர்கள் கேள்வி கேட்ட பிறகு நோட்டீஸைக் கிழித்தார்கள். ஒட்டிய மனசை யார் கிழிப்பது?

3

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அதன் மொழியைப் பற்றிப் பேசினோம். தன்வரலாறா நாவலா என்று பேசினோம். கன்னியர் மடத்தின் மீதான விமர்சனம் பற்றிப் பேசினோம். அதை ஒரு விடுதி நூலாக வாசித்த கட்டுரை என் கண்ணில் படவில்லை. ஆனால் அந்தப் பெண் பிள்ளைப் பருவத்திலிருந்து வாழ்வதே ஒரு விடுதியிலிருந்து இன்னொரு விடுதிக்குத்தான். பள்ளி போர்டிங், கல்லூரி விடுதி, கடைசியில் மடம். மூன்றிலும் மணி அடித்தால் எழ வேண்டும். மூன்றிலும் யாராவது ஒருவர் அனுமதி தர வேண்டும்.

அதில் மூன்று காட்சிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் காட்சி பள்ளி போர்டிங். லீவு முடிந்து வரும் சேரிப் பிள்ளைகளைப் பார்த்து அங்கிருக்கும் சிஸ்டர், இங்கே இருந்தால் கொழுகொழுவென்று ஆகிறார்கள், வீட்டுக்குப் போனால் எலும்பும் தோலுமாகத் திரும்புகிறார்கள் என்ற பொருளில் பேசுகிறார். பார்த்தால் அக்கறை மாதிரி இருக்கும். நன்றாகக் கேளுங்கள். மாட்டுக்காரன் சந்தையில் மாட்டின் விலாவைத் தடவிப் பார்க்கிற பேச்சு அது. பிள்ளை தின்ற சோறு உடனே பிள்ளையின் மேல் எழுதப்பட்ட கடனாக மாறிவிடுகிறது.

இரண்டாவது கல்லூரி விடுதி. தம்பி, தங்கையின் புதுநன்மைக்கு ஊருக்குப் போக அனுமதி கேட்கிறாள். மறுக்கிறார்கள். சேரியில் அப்படியென்ன கொண்டாட்டம் என்பதுதான் மறுப்பின் உள்ளர்த்தம். அவள் விடவில்லை. சாதிக்கு ஒரு சட்டமா என்று எதிர்த்து நின்று அனுமதி வாங்குகிறாள்.

மூன்றாவது, கல்லூரி இறுதியில் நடக்கும் விருந்து. எல்லாரும் பட்டுச்சேலை கட்டி வருவார்கள். இவளிடம் இல்லை. போய்க் குளியலறைக்குள் பூட்டிக்கொண்டு விருந்து முடியும்வரை இருக்கிறாள்.

இந்த மூன்றாவது காட்சியை வறுமைக் காட்சி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அப்படிப் போகக்கூடாது. விருந்து என்பது விடுதி தன்னைத்தானே 'நாம் எல்லாரும் ஒரு குடும்பம்' என்று சொல்லிக்கொள்கிற நாள். அந்தக் குடும்பத்துக்குள் நுழையப் பட்டு என்று ஒரு நுழைவுக் கட்டணம் இருக்கிறது. எழுதி ஒட்டாத கட்டணம். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, விரட்டவில்லை. அவளே தனக்கு ஒரு சேரியைத் தேடிக்கொள்கிறாள். விடுதியில் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய இடம் குளியலறை ஒன்றுதான்.

அனுமதி கேட்டு மல்லுக்கு நின்ற அதே பெண்தான் இங்கே ஒளிகிறாள் என்பதை நாம் சேர்த்து வாசிக்க வேண்டும். மறுப்பு வாய் திறந்து வந்தால் பதில் சொல்லலாம். கொண்டாட்டமாக வந்தால் என்ன பதில் சொல்வது? இந்த இடத்தைப் பாமா ரொம்ப நேர்மையாக எழுதியிருக்கிறார். எனக்கு ஒரே ஒரு குறை. அந்தக் கணத்தில் அவள் முற்றிலும் தனியாக இருக்கிறாள். அதே கதவைத் தட்ட வேண்டிய இன்னொரு பெண் அங்கே இருந்திருப்பாளோ என்று மனசு தேடுகிறது. இது பாமா மேல் வைக்கிற குற்றச்சாட்டு இல்லை. அந்த இன்னொருத்தி எழுதாததால் வந்த வெற்றிடம்.

4

தனித்து விடப்பட்டவர்கள் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பம்பாய் ஓர் உதாரணம். வடாலாவில் இருந்த சித்தார்த் விகார் மாணவர் விடுதியில் 1970களில் தலித் பேந்தர்களின் கூட்டங்களும் விவாதங்களும் நடந்தன. படிப்பு, கவிதை, சண்டை, போஸ்டர் எல்லாம் ஒரே இடம். ஓம்பிரகாஷ் வால்மீகி 'ஜூட்டன்' நூலில் பம்பாய்ப் பக்கம் அம்பர்நாத்தில் படைக்கலத் தொழிற்சாலைப் பயிற்சி விடுதியில் இருந்த காலத்தை எழுதுகிறார். மராத்தி தலித் இலக்கியம் அவருக்குக் கிடைப்பது அங்கேதான்.

இதற்கு நேர்மாறானதையும் பார்த்தோம். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவையும் இன்னும் நான்கு தலித் மாணவர்களையும் விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். 2016 ஜனவரியில் அவர்கள் வளாகத்துக்குள்ளேயே திறந்த வெளியில் படுத்து, அந்த இடத்துக்கு 'வெளிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் சேரி என்று அர்த்தம். ஜனவரி 17 அன்று ரோஹித் இறந்தார். அவருடைய கடிதத்தைப் பற்றி எல்லாரும் எழுதினோம். அந்தப் பெயரும் ஒரு பிரதிதான். பாமாவின் பெண் சேரியைக் குளியலறைக்குள் ஒளித்தாள். இவர்கள் அதை எல்லார் கண்ணிலும் படும்படி நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள்.

5

இனி என் விடுதி. 1991இல் ஒரு மாவட்டத் தலைநகரில் அரசு விடுதியில் சேர்ந்தேன். ஐம்பது பேருக்கான கட்டடத்தில் எண்பதுக்கு மேல் இருந்தோம். தகரப் பெட்டிதான் சுவரு, பெட்டிக்கு அந்தாண்ட பக்கத்து ஊரு. காலையில உப்புமா, ராத்திரி சாம்பாருன்னு பேரு வச்ச தண்ணி. ஆனா சந்தோஷத்துக்குக் குறைச்சல் இல்ல. கரண்ட் போனா தட்டத் திருப்பிப் போட்டு அடிப்போம். ஊர்ல அப்பன் அடிச்ச அடி எல்லாம் எங்க விரல்ல இருந்துச்சு. ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். நான்தான் ஆசிரியர்.

அம்பேத்கர் நூற்றாண்டு முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஆயுத பூஜைக்கு வார்டனே பொரிகடலை வாங்கிக் கொடுத்தார். ஏப்ரல் 14 கொண்டாட அனுமதி கேட்டபோது, 'ஹாஸ்டல்ல அரசியல் கூடாது' என்றார். கொண்டாடினோம். மறுவாரம் மூத்த அண்ணன் ஒருவருடைய வீட்டுக்குக் கடிதம் போனது. அவர் அப்பா விடியற்கால பஸ் பிடித்து வந்தார். துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வார்டன் முன்னால் நின்றார். எண்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருத்தனும் தட்டு அடிக்கவில்லை.

அந்த வருஷக் கல்லூரி மலரில் 'விடுதி நிகழ்ச்சிகள்' என்று இரண்டு பக்கம் வந்தது. எல்லாம் கல்லூரி வளாகத்து விடுதியைப் பற்றியது. பொங்கல் விழா, கைப்பந்து, பிரிவுபசார விருந்து. அதே வகுப்பில் உட்கார்ந்த எங்கள் விடுதி பற்றி ஒரு வரி கிடையாது. எங்களுக்கு நிகழ்ச்சியே இல்லையாம்!

இதுவரை சொன்னது எனக்குச் சௌகரியமான கதை. சௌகரியமில்லாதது ஒன்று இருக்கிறது.

எங்கள் விடுதியில் துப்புரவுப் பணியாளர் இடம் காலி. கக்கூசை முறை வைத்துக் கழுவுவது என்று பட்டியல் போட்டோம். பட்டியலை எழுதியவனும் நான்தான். இரண்டு வாரம் நடந்தது. அப்புறம் ஆளாளுக்குப் பரீட்சை, காய்ச்சல். சேலத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி மட்டும் கழுவிக்கொண்டே இருந்தான். அவன் அருந்ததியர். யாரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பட்டுச்சேலை மாதிரிதான், எழுதி ஒட்டாத சட்டம்.

ஒருநாள் அவன் பத்திரிகைக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். 'அண்ணே, இதப் போடுவீங்களா?' வாளி, விளக்குமாறு, எங்கள் எல்லாருடைய பெயரும் அதில் இருந்தது. படிச்சுட்டு நான் சொன்னேன்: 'தம்பி, இது நம்ம வீட்டு விஷயம்பா. வெளிய தெரிஞ்சா நம்மளத்தான் சிரிப்பானுங்க.' அந்த இதழில் மனுதர்மம் பற்றி நான் நான்கு பக்கம் எழுதியிருந்தேன். அவன் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். பொங்கல் லீவுக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

'அரசியல் கூடாது' என்று வார்டன் சொன்னதும், 'வீட்டு விஷயம்' என்று நான் சொன்னதும் ஒரே வாக்கியம்தான் என்று புரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆனது. 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தபோது, நம் கூட்டங்களிலேயே சிலர் 'ஒற்றுமை கெட்டுப்போகும்' என்று முணுமுணுத்தார்கள். எனக்கு அந்த மடித்த காகிதம்தான் ஞாபகத்துக்கு வந்தது. என் கைக்கு வந்த முதல் விடுதி இலக்கியத்தைத் திருப்பி அனுப்பிய விமர்சகன் நான்.

6

2023இல் அரசு கல்லூரி விடுதி மாணவருக்கான மாத உணவுப் படியை 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக்கியது. நாளைக்கு ஐம்பது ரூபாய், மூன்று வேளைக்கு. இதற்குப் போராட வேண்டியது இயக்கங்களின் வேலை. அதோடு விமர்சனத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் எழுத்தில் சேரி என்பது ஊருக்கு வெளியே மட்டும் இருக்கிறது. கல்லூரிக்குள் விருந்தாக, மெஸ்ஸாக, மலராக, பட்டியலாக அது எப்படித் திரும்பக் கட்டப்படுகிறது என்று வாசிக்க வேண்டும். நம் கையே செங்கல் எடுத்துக் கொடுத்த இடங்களையும் சேர்த்து.

பெண்கள் விடுதி பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. பொழுது சாய்ந்தால் பூட்டுகிற அந்தக் கேட்டுக்கு உள்ளே இருந்தவர்கள் எழுதட்டும். பாமா தட்டித் திறந்த கதவு அது.

இதைப் படிக்கிற விடுதி மாணவர்களுக்கு: உங்கள் மெஸ்ஸில் யார் எங்கே உட்காருகிறார்கள், கக்கூஸ் யார் முறை, விருந்தன்று யார் அறையை விட்டு வெளியே வரவில்லை என்று எழுதுங்கள். நம்மைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தாலும் எழுதுங்கள். பத்திரிகை நடத்துகிற தோழர்களுக்கு: அப்படி ஒரு பக்கம் வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். அந்தத் தம்பி சட்டைப்பையில் கொண்டுபோனதை இன்றைக்கு வரைக்கும் எந்தப் பத்திரிகையும் போடவில்லை.